வளைவு வேறு, வலி வேறு

இகுவானோடான் என்ற டைனோசரை 1825இல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் கிடியன் மான்டெல். பிழைப்புக்கு வைத்தியம்; பித்துப் பிடித்தது புதைபடிவங்கள் மேல். பிரம்மாண்டமான எலும்புகளைத் தேடித் தேடிச் சேர்த்த இந்த மனிதரைக் கடைசிக் காலத்தில் வாட்டி எடுத்தது அவருடைய சொந்த எலும்புதான். 1841இல் ஒரு குதிரைவண்டி விபத்தில் சிக்கியதிலிருந்து அவருக்குத் தீராத முதுகுவலி. இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் புடைத்திருந்தது. பார்த்த மருத்துவர்கள் அதைக் கட்டி என்றே நினைத்தார்கள். வலிக்கு அபினை நம்பிக் காலம் தள்ளியவர், 1852 நவம்பரில் அந்த அபின் அளவு மீறிப்போனதால் இறந்தார்.

உடலை அறுத்துப் பார்த்தபோது கட்டி எதுவும் இல்லை. கீழ் முதுகெலும்பு வளைந்து, அதோடு முறுக்கியும் கொண்டிருந்தது. முள்ளெலும்புகளின் பக்கவாட்டு நீட்சிகள் பின்பக்கம் துருத்தி நின்றதைத்தான் எல்லோரும் கட்டி என்று எண்ணியிருந்தார்கள். விசித்திரம் என்னவென்றால், முதுகின் நடுவே விரல் வைத்துத் தடவினால் தட்டுப்படும் எலும்பு முனைகள் ஏறக்குறைய நேர்வரிசையில்தான் இருந்தன. உள்ளே இவ்வளவு கோணல் இருந்தும் வெளியே அது காட்டிக்கொடுக்கவில்லை. வில்லியம் ஆடம்ஸ் என்ற லண்டன் அறுவை மருத்துவர் இதை விடாமல் யோசித்தார். நிமிர்ந்து நிற்கும்போது மறைந்திருக்கும் முறுக்கு, குனிந்தால் தெரிந்துவிடும் என்பதை 1865இல் வெளியிட்ட புத்தகத்தில் விளக்கினார்.

அந்தச் சோதனைதான் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. பிள்ளையைக் கால்களைச் சேர்த்து நிற்கவைத்து, முழங்கால் மடங்காமல், இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக்கொண்டு முன்னால் குனியச் சொல்ல வேண்டும். பின்னால் உட்கார்ந்து முதுகைக் கண்மட்டத்தில் பார்த்தால், விலா எலும்புகள் ஒரு பக்கம் மட்டும் மேடாக எழும்பியிருக்கிறதா என்பது தெரியும். அரை நிமிஷ வேலை, காசு செலவில்லை. ஆனால் பதின்வயதுப் பெண்ணின் வெற்று முதுகை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. அதனால் பல சமயம் முதலில் கண்டுபிடிப்பவர் தையற்காரர்தான். ஒரு தோளுக்கும் மறு தோளுக்கும் அளவு ஒத்துவராது. பாவாடையின் விளிம்பு ஒரு பக்கம் இறங்கும்.

இந்தப் பக்கவாட்டு வளைவுக்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். எக்ஸ்ரேயில் வளைவின் மேல் எல்லையில் உள்ள முள்ளெலும்புக்கும் கீழ் எல்லையில் உள்ளதற்கும் கோடு இழுத்து, இரண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தை அளப்பார்கள். நியூயார்க் மருத்துவர் ஜான் காப் 1948இல் சொன்ன முறை இது. 10 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால் ஸ்கோலியோசிஸ். வளர்பருவத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கும். பெரும்பாலும் லேசானதுதான். லேசான வளைவில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். 30 டிகிரியைத் தாண்டிய வளைவுகளில் பெண்களே மிக அதிகம். ஏன் வருகிறது என்று கேட்டால், 100இல் சுமார் 80 பேர் விஷயத்தில் மருத்துவத்திடம் பதில் இல்லை. புத்தகப்பை கனத்ததாலோ, கோணலாக உட்கார்ந்து எழுதியதாலோ, ஒருக்களித்துப் படுத்ததாலோ வருவதில்லை. இந்த ஒன்றை மட்டும் தாய்மார்களுக்கு உரக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. பிள்ளையின் முதுகு வளைந்ததற்குத் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாத அம்மா அபூர்வம்.

எக்ஸ்ரே தட்டையான படம். அதில் தெரிவது வெறும் பக்கவாட்டு வளைவு. நிஜத்தில் முதுகெலும்பு சுழற்படிக்கட்டு மாதிரி திரும்பிக்கொண்டே வளைகிறது. மார்புப் பகுதியில் வளைவு பெரும்பாலும் வலப்பக்கம் போகும். முள்ளெலும்பு திரும்பும்போது அதில் பொருந்திய விலா எலும்புகளையும் இழுத்துக்கொண்டு போவதால் வலது முதுகு பின்னால் மேடாகிறது, இடது முதுகு பள்ளமாகிறது. வளரும் எலும்புக்கு ஒரு குணம் உண்டு: அழுத்தம் மிகுந்த பக்கம் மெதுவாக வளரும், அழுத்தம் குறைந்த பக்கம் வேகமாக வளரும். வளைவின் உட்பக்கம் நசுங்கி வளர்ச்சி குன்ற, வெளிப்பக்கம் வளர, முள்ளெலும்பே ஆப்பு வடிவத்துக்கு வந்து வளைவை இன்னும் கூட்டிவிடும். பூப்பெய்தும் வயதை ஒட்டி ஒரு பெண் வருஷத்துக்கு 8 சென்டிமீட்டர் வரைகூட உயர்வாள். அந்தக் கொஞ்ச காலத்தில்தான் வளைவும் பாய்ச்சல் காட்டுகிறது. வளர்ச்சி நின்றதும் பெரும்பாலான வளைவுகள் அப்படியே நின்றுவிடுகின்றன.

வலி விஷயத்துக்கு வருவோம். இது வலிக்காத கோளாறு என்றுதான் மருத்துவ மாணவர்களுக்கு வெகுகாலம் கற்பித்தார்கள். வலிக்கிறது என்று சொன்ன பிள்ளைக்கு வேறு ஏதோ நோய் இருக்க வேண்டும், அல்லது பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்க வேண்டும். அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் ஆவணங்களைக் குடைந்து 1997இல் வெளியிட்ட ஆய்வு இதை அசைத்தது. ஸ்கோலியோசிஸ் உள்ள 2,442 பிள்ளைகளில் 560 பேர், அதாவது 23 சதவீதம், முதல்முறை வந்தபோதே முதுகுவலி என்று சொல்லியிருந்தார்கள். அந்த 560 பேரில் வேறு கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது 48 பேருக்குத்தான். மற்றவர்களின் வலிக்குப் படத்தில் காரணம் கிடைக்கவில்லை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த ஆய்வின் இன்னொரு வரி: வளைவின் அளவுக்கும் வலிக்கும் தொடர்பு தெரியவில்லை. 15 டிகிரிக்காரிக்கு முதுகு பிய்ந்துபோகிற வலி இருக்கும். 40 டிகிரிக்காரி கால்மணி நேரம் கயிறு தாண்டிவிட்டு வருவாள்.

ஆகவே மருத்துவர் முன்னால் இருப்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். வளைவு கூடாமல் பார்ப்பது ஒன்று, வலியைக் குறைப்பது இன்னொன்று. உடற்பயிற்சி சிகிச்சையின் நூறாண்டுக் கதை இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிய கதையும்தான்.

அதற்கு முந்தைய இரண்டாயிரம் ஆண்டுகளும் வெளியிலிருந்து இழுப்பதும் நெருக்குவதுமாகவே போயின. பழங்கால கிரேக்கத்தில் நோயாளியை ஏணியில் தலைகீழாகக் கட்டி உலுக்கிப் பார்த்தார்கள். கூட்டத்தை வாய்பிளக்க வைக்கவே இதைச் செய்கிறார்கள் என்று ஹிப்போகிரேட்டஸ் மருத்துவ நூல்களிலேயே கிண்டல் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு பிரான்சில் அம்புரோவாஸ் பாரே, போர்க்கவசம் செய்யும் கொல்லர்களைக் கொண்டு ஓட்டை போட்ட இரும்புச் சட்டை செய்வித்தார். 1910 வாக்கில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 16 வயதுப் பெண்ணொருத்திக்கும் எஃகுச் சட்டம்தான் மாட்டினார்கள். அவள் பெயர் காதரீனா.

பின்னாளில் காதரீனா ஷ்ரோத் என்று அறியப்பட்ட அவர் மருத்துவம் படித்தவரல்ல. நசுங்கிய ரப்பர் பந்து ஒன்றைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்தது என்பார்கள். உள்ளே காற்று போனால் பந்தின் பள்ளம் மேலெழும்புகிறது. என் முதுகின் பள்ளத்துக்குள்ளும் காற்றை அனுப்பினால் என்ன? இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, தன் முதுகைப் பார்த்தபடியே, பள்ளமான பக்கத்து விலா எலும்புகளை மூச்சால் விரிக்கப் பழகினார். எஃகுச் சட்டம் வெளியிலிருந்து தள்ள முயன்ற இடத்தை அவர் உள்ளிருந்து தள்ளப் பார்த்தார். 1921இல் மைசென் நகரில் தன்னைப் போன்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பட்டமில்லாத பெண் முதுகெலும்பைத் தொடுவதா என்று மருத்துவ உலகில் முணுமுணுப்பு இருந்தது. நோயாளிகள் வந்துகொண்டேயிருந்தார்கள். போருக்குப் பிறகு மைசென் கிழக்கு ஜெர்மனிக்குள் போயிற்று. 1955இல் அவர் மேற்கே குடிபெயர்ந்து, 1961இல் பிசியோதெரபிஸ்ட்டான மகள் கிறிஸ்டாவோடு ஸோபர்ன்ஹைம் என்ற சிற்றூரில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1985இல், 91ஆவது பிறந்த நாளுக்குச் சில நாள் முன்பு இறந்தார்.

அவர் முறையில் ஒரு பயிற்சி எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். வலப்பக்கம் வளைந்த முதுகுள்ள பெண்ணை மல்லாக்கப் படுக்கவைக்கிறார்கள். மேடாக இருக்கும் வலது விலாவுக்குக் கீழே ஒரு சின்ன மூட்டை வைக்கிறார்கள். உள்ளே இருப்பது அரிசி. உடம்பின் வடிவத்துக்கு அது அமுங்கிக் கொடுக்கும், ஆனால் நழுவாது. உடம்பின் எடையே மேட்டைச் சற்று முன்னால் தள்ளுகிறது. பிசியோதெரபிஸ்ட் பள்ளமான இடது பக்கத்தில் விரல்களை வைத்து, "என் விரலைத் தள்ளுகிற மாதிரி இங்கே மூச்சு விடு" என்கிறார். முதல் நாள் வயிறுதான் உப்பும். பல நாள் கழித்து விரலுக்குக் கீழே விலா எலும்புகளின் இடைவெளி மெல்ல அகலும். மூச்சை வெளியே விடும்போது அந்த நிலை குலையாதபடி முதுகுத் தசைகளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இடுப்பு, மார்புக்கூடு, தோள் மூன்றும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் திரும்பியிருப்பதாகக் கொண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருப்பி நிறுத்துவதுதான் ஷ்ரோத் கணக்கு. பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஐந்து நிமிஷத்தில் பிள்ளைக்கு வியர்த்துவிடும்.

கண்ணாடி எதற்கு என்பது சுவாரசியமான கேள்வி. வருஷக்கணக்கில் கோணலாக இருந்த உடம்புக்குக் கோணல்தான் நேராகத் தோன்றும். நேராக நிறுத்திவைத்தால் சாய்ந்திருப்பதாகச் சத்தியம் செய்வாள். "நிமிர்ந்து நில்லுடி" என்று நாளைக்கு நூறு முறை அதட்டுவதால் பயனில்லாமல் போவது இதனால்தான். அவள் தனக்குத் தெரிந்த நிமிர்வில்தான் நிற்கிறாள். கண்ணால் பார்த்துத் திருத்தி, திருத்தியதை உடம்புக்கு மனப்பாடமாக்க வேண்டியிருக்கிறது.

இதனால் வளைவு நிமிர்ந்துவிடுமா? இணையத்தில் நிமிர்த்திக் காட்டும் 'முன்பு, பின்பு' படங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை நான் நம்புவதில்லை. ஒரே எக்ஸ்ரேயை இரண்டு மருத்துவர்கள் அளந்தாலே 5 டிகிரி வரை முன்னே பின்னே வரும். கொஞ்சம் இறுக்கி நின்று படம் எடுத்தாலும் மாறும். இத்தாலியில் லேசான வளைவுள்ள 110 பிள்ளைகளிடம் செய்து 2014இல் வெளியான ஆய்வில், பயிற்சி செய்தவர்களின் கோணம் சராசரியாக 5 டிகிரி அளவில் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் அளவுப் பிழையின் விளிம்பில் நிற்கும் செய்தி. 2012இல் எல்லா ஆய்வுகளையும் சல்லடை போட்ட காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வமைப்பின் தொகுப்பு, தரமான சான்று போதாது என்று கைவிரித்தது. சுவீடனில் சராசரி 31 டிகிரி வளைவுள்ள 135 பிள்ளைகளை மூன்று பிரிவாக்கிப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. மூன்று பிரிவினருக்கும் தினம் ஒரு மணி நேரம் ஓடியாடச் சொன்னார்கள். ஒரு பிரிவுக்கு அதோடு இரவில் மட்டும் போடும் பிரேஸ் என்ற முதுகுக் கவசம், இன்னொன்றுக்கு ஸ்கோலியோசிஸுக்கான தனிப் பயிற்சி. பிரேஸ் போட்டவர்களில் 76 சதவீதம் பேருக்கு வளைவு கூடவில்லை. வெறுமனே ஓடியாடியவர்களில் அது 53 சதவீதம். தனிப் பயிற்சி செய்தவர்கள் இவர்களைவிடச் சொல்லிக்கொள்ளும்படி மேலாக இல்லை.

பிரேஸின் பலம் அதற்கு முன்பே உறுதியாகியிருந்தது. 2013இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் அறுவை சிகிச்சை வரம்பான 50 டிகிரியைத் தொடாமலே வளர்ந்து முடித்தார்கள். போடாதவர்களில் 48 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். எனவே 25 டிகிரியைத் தாண்டி, இன்னும் வளரவேண்டிய பிள்ளைக்குப் பிரேஸ் எழுதித் தந்தால், "பயிற்சி செய்துகொள்கிறோம், பெல்ட் வேண்டாம்" என்று சொல்லும் பெற்றோர் பெரிய அபாயத்தை எடுக்கிறார்கள்.

வலிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. கனடாவின் எட்மன்டனில் 10 முதல் 18 வயதுள்ள 50 பேரிடம் ஷ்ரோத் பயிற்சியைச் சோதித்தார்கள். வாரம் ஒருமுறை நேரில், வீட்டில் தினமும் அரைமணி முதல் முக்கால் மணி நேரம், ஆறு மாதம். முதுகுத் தசையின் தாக்குப்பிடிக்கும் திறனை ஒரு டேனிஷ் சோதனையால் அளந்தார்கள்: மேசையில் குப்புறப் படுத்து, இடுப்புக்கு மேலே உடம்பு முழுக்க மேசைக்கு வெளியே அந்தரத்தில் நீட்டியபடி எத்தனை விநாடி தாங்க முடிகிறது என்று பார்ப்பது. செய்து பாருங்கள், ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று தெரியும். மூன்று மாதத்தில் பயிற்சிக் குழு சராசரியாக 32 விநாடி கூடுதலாகத் தாங்கியது. பயிற்சி செய்யாத மற்றக் குழு 5 விநாடி. ஆறு மாதத்தில் வலியும், தன் உடம்பைப் பற்றிய எண்ணமும் பயிற்சிக் குழுவில் மேம்பட்டிருந்தன.

அப்படியானால் தசை பலப்பட்டதால் வலி குறைந்தது என்று முடிவு கட்டிவிடலாமே. அங்கேதான் டல்லஸிலிருந்து 2015இல் வந்த இன்னொரு ஆய்வு குறுக்கே நிற்கிறது. ஸ்கோலியோசிஸும் இடுப்புவலியும் சேர்ந்து இருந்த 34 பேருக்கு முதுகை நிலைப்படுத்தும் பயிற்சிகளைத் தந்தார்கள். ஒரு குழு எட்டு வாரம் வாரந்தோறும் பிசியோதெரபிஸ்ட்டிடம் வந்து செய்தது. மற்றது ஒரே ஒருநாள் கற்றுக்கொண்டு வீட்டில் தானாகச் செய்தது. வாரம் வந்தவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்தது, தாங்கள் விரும்பிய வேலைகளைச் செய்யவும் முடிந்தது. முதுகுத் தசையின் தாக்குப்பிடிப்பில் மட்டும் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை.

சின்ன ஆய்வுதான், இதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. ஆனாலும் இது வலியைப் பற்றி நாம் மற்ற இடங்களில் அறிந்ததோடு ஒத்துப்போகிறது. வளைவின் வெளிப்பக்கத் தசைகள் நாள் முழுக்க அதிகம் உழைத்துக் களைக்கின்றன என்பது உண்மை; பள்ளி பெஞ்சில் மூன்று பாடவேளை தாண்டியதும் வலி எழுவதற்கு அது ஒரு காரணம். அதோடு பயமும் சேர்கிறது. எக்ஸ்ரேயைப் பார்த்து வீடே கலங்குகிறது. குனியாதே, ஓடாதே, தூக்காதே என்கிறது. அசைவு என்றாலே ஆபத்து என்று மூளை கற்றுக்கொண்டால், சாதாரணத் தசைக் களைப்பையும் அது வலியாக உயர்த்திச் சொல்லும். தூக்கமும் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும். வாரம் ஒருமுறை விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, "இதைச் செய்யலாம், ஒன்றும் ஆகாது, இன்னும் கொஞ்சம் தூக்கு" என்று சொல்வது அந்தப் பயத்தைத் தொடுகிறது என்பது என் ஊகம். தசைக்குப் போட்ட மருந்து நரம்பிலும் வேலை செய்கிறது.

எல்லா முதுகுவலிக்கும் பயிற்சி முதல் மருந்தல்ல. முன்னே சொன்ன 48 பேரில் பலருக்கு இருந்தது, கீழ் முள்ளெலும்பின் பின்வளைவில் விழும் மெல்லிய விரிசல். முதுகைப் பின்னால் வளைத்து வளைத்து விளையாடும் பிள்ளைகளுக்கு வரும்: வேகப் பந்துவீச்சாளர்கள், ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்கள். அவர்களுக்கு முதலில் விளையாட்டை நிறுத்தி ஓய்வு, பிறகுதான் பயிற்சி. இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், எடை குறைவு, கால் மரத்துப்போதல், சிறுநீர் அடக்க முடியாமை, மார்புப் பகுதியில் வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் போகும் வளைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி அறைக்குப் போகும் முன் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

அவை இல்லாத பிள்ளைக்கு எந்த விளையாட்டையும் தடுக்கக் காரணமில்லை. நீச்சல் முதுகை நிமிர்த்தும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அதற்கும் ஆதாரமில்லை. நீச்சல் பிடித்தால் நீந்தட்டும், பரதம் பிடித்தால் ஆடட்டும். 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய உசைன் போல்ட்டுக்கு ஸ்கோலியோசிஸ் உண்டு. முதுகையும் வயிற்றுத் தசைகளையும் பலமாக வைத்துக்கொள்வதால்தான் சமாளிக்கிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சிகிச்சையே எடுக்காமல் வளர்ந்த 117 ஸ்கோலியோசிஸ்காரர்களை 50 ஆண்டு பின்தொடர்ந்து 2003இல் முடிவு வெளியிட்டார்கள். நாள்பட்ட முதுகுவலி அவர்களில் 61 சதவீதம் பேருக்கு இருந்தது. வளைவில்லாத சக வயதினரில் 35 சதவீதம். வலி இருக்கிறது என்று சொன்னவர்களிடம் எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்காரர்கள் கொஞ்சம், அல்லது நடுத்தரம் என்றார்கள். வளைவில்லாதவர்களில் வலி இருந்தவர்களும் ஏறக்குறைய அதே பதிலைத்தான் சொன்னார்கள்.